தங்கம் குவிஞ்சு கிடந்தும் ஃபயான்ஸ்ல மை வச்ச ராணி

மூணாம் அமென்ஹோதெப் எகிப்தை ஆண்டது சுமார் கி.மு. 1390ல இருந்து 1352 வரைக்கும். அவருக்கு தங்கத்துல ஒரு குறையும் இல்ல, தெற்கே இருந்த நூபியால இருந்து வந்துகிட்டே இருந்துச்சு. சிரியாப் பக்கம் இருந்த மித்தானி நாட்டு ராஜா துஷ்ரத்தா அவருக்கு எழுதுன களிமண் பலகைக் கடிதங்கள் இன்னைக்கும் இருக்கு, உங்க நாட்டுல தங்கம் மண்ணு மாதிரி கிடக்குது எனக்கும் நிறைய அனுப்பி வைங்கன்னு விடாம கேக்குறாரு. அப்பேர்ப்பட்ட ராஜாவோட பேரையும் பட்டத்து ராணி தியியோட பேரையும் சேர்த்துப் பொறிச்ச கண்மைக் குழல் எதுல செஞ்சிருக்காங்கன்னு பாத்தா, ஃபயான்ஸ். அதாவது அரைச்ச கல்லுத்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் உப்பு, நிறத்துக்கு துளி செம்பு. சரக்கு அவ்வளவுதான்.

டர்க்காய்ஸ்னா நீலப்பச்சை ரத்தினக்கல்லு. நிறைய பேர் ஃபயான்ஸை "ஏழைகளோட டர்க்காய்ஸ்"ங்கற மாதிரி ஒரே வரில எழுதிட்டுப் போயிடுறாங்க. நிஜக்கல்லு வாங்க முடியாதவன் போட்டுக்கிட்ட போலிக்கல்லுன்னு. எனக்கு அது சுத்தமா ஒத்துக்கவே இல்ல. சினாய் பாலைவனத்துல செராபித் எல் காதிம்னு ஒரு இடம், அங்கதான் எகிப்துக்காரங்க டர்க்காய்ஸ் தோண்டி எடுத்தாங்க, சுரங்கத்துக்குப் பக்கத்துலயே "டர்க்காய்ஸோட தலைவி"ன்னு பேர் வாங்குன ஹாத்தோர் தேவிக்கு கோயில் இருக்கு. 1905 வாக்குல பெட்ரிங்கற ஆங்கிலேய தொல்லியல்காரர் அங்க தோண்டுனப்ப கோயிலுக்குக் காணிக்கையா வந்த ஃபயான்ஸ் சாமான் உடைஞ்சும் உடையாமலும் குவியல் குவியலா கிடைச்சுது. கையை நீட்டுனா நிஜக்கல்லு கிடைக்கிற இடத்துலயே நைல் கரைல இருந்து ஃபயான்ஸைத் தூக்கிட்டுப் போயி அந்தத் தேவிக்கே வச்சிருக்காங்கன்னா அதை போலின்னு நினைச்சு யாராவது செய்வாங்களா சொல்லுங்க. அந்த மினுமினுப்பு அவங்களுக்கு வேணும், அந்த நீலப்பச்சைல அவங்களுக்கு தண்ணி தெரிஞ்சுது, பயிர் தெரிஞ்சுது, செத்தவன் மறுபடி எழுந்து வர்ற நம்பிக்கை தெரிஞ்சுது. கி.மு. 27ம் நூற்றாண்டுலயே ஜோசர் ராஜா தன்னோட படிப் பிரமிடு வளாகத்துல தரைக்கு அடில இருக்குற அறைகளுக்கு 36,000க்கும் மேல ஃபயான்ஸ் ஓடு பதிச்சிருக்காரு, அவரு ஏழையா என்ன.

சரி, பொருளுக்கு வர்றேன். ஃபயான்ஸ்னா ஏதோ நீல பெயின்ட் அடிச்ச மண்பாண்டம்னு நினைச்சுக்க வேண்டாம், இதுல மண்ணே கிடையாது. உள் உடம்பு முழுக்க குவார்ட்ஸ்தான், அரைச்ச வெள்ளைக் கல்லோ சலிச்ச மணலோ. லேப்ல சோதிச்சுப் பாத்த சாமான்கள்ல பெரும்பாலும் 92 சதவீதத்துக்கு மேல சிலிக்கா, அதாவது குவார்ட்ஸோட சரக்கு, 1ல இருந்து 5 சதவீதம் சுண்ணாம்பு, மிச்சம் சோடா. சோடாவுக்கு ரெண்டு வழி, ஒண்ணு வாதி நேட்ரூன்ல காய்ஞ்சு போன ஏரிப்படுகைல அள்ளுற நேட்ரான் உப்பு, இல்லேன்னா செடியை எரிச்ச சாம்பல். இதைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சா வர்ற மாவு இருக்கே, அது ரொம்ப அடம் பிடிக்கிற மாவு. களிமண்ணுல ஒரு பிடிப்பு இருக்கும், இழுத்த இழுப்புக்கு வரும். இது அப்படி வராது. முதல்ல விறைப்பா நிக்கும், கை வேலை குடுக்கக் குடுக்க திடீர்னு இளகி சரியும், கொஞ்சம் அவசரப்பட்டு வளைச்சா வெடிச்சுடும். அதனாலதான் ஃபயான்ஸ்ல பெரிய சாமான் ரொம்ப அபூர்வம். நக்காடால பெட்ரி கண்டெடுத்த ரெண்டாம் அமென்ஹோதெப்போட செங்கோல் ஒண்ணு 2 மீட்டருக்கு மேல உயரம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, அது தனி சாதனை. மத்தபடி மணி, மோதிரம், தாயத்து, கிண்ணம், மைக்குழல்னு உள்ளங்கைக்குள்ள அடங்குற சாமான்தான் இந்த மாவுக்குத் தோது.

கிளேஸ், அதாவது மேல பளபளன்னு இருக்குற கண்ணாடிப் படலம், எப்படி வருதுங்கறதுதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மூணு வழி உண்டு. முதல் வழில மாவு பிசையும்போதே உப்பையும் செம்பையும் உள்ள கலந்துடுவாங்க. செஞ்ச சாமான் காயக் காய உள்ள இருக்குற ஈரம் வெளிய வரும், வர்றப்ப கரைஞ்ச உப்பையும் கூட்டிட்டு வந்து மேல்பரப்புல வெள்ளையா விட்டுட்டுப் போகும், ஈரச் சுவத்துல உப்பு பூக்குமே அதே சங்கதி. அப்புறம் சூளைல 800ல இருந்து 1000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு ஏறுறப்ப அந்தப் பூத்த உப்பு பக்கத்துல இருக்குற குவார்ட்ஸை உருக்கி கண்ணாடியாக்கிடும், செம்பு அந்தக் கண்ணாடிக்கு நீலமோ பச்சையோ குடுத்துடும். மேல யாரும் எதுவும் பூசல, சாமானே தன் உள்ள இருந்து கிளேஸை வரவழைச்சுக்குது. ரெண்டாவது வழி, காய்ஞ்ச சாமானை கிளேஸ் பொடிக்குள்ள முழுசாப் புதைச்சு அப்படியே சுடுறது, சுட்டு முடிச்சு பொடியை உடைச்சு எடுத்தா உள்ள சாமான் மட்டும் பளபளன்னு இருக்கும். எகிப்துல செத்துப் போச்சுன்னு நினைச்ச இந்த முறையை ஈரான்ல கோம் நகரத்துல கழுதைக்குக் கட்டுற நீலமணி செய்றவங்க 1960கள் வரைக்கும் விடாம செஞ்சுட்டு வந்திருக்காங்க, ஹான்ஸ் வுல்ஃப்ங்கறவரு அதை நேர்ல பாத்து 1968ல எழுதி வெளியிட்டப்பதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கே நிறைய விளங்குச்சு. மூணாவது வழி கிளேஸை கரைச்சு மேல பூசிச் சுடுறது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

இப்ப ஒரு 18ம் வம்சத்து, அதாவது மூணாம் அமென்ஹோதெப்போட வம்சத்து, மைக்குழலை எடுத்துக்கோங்க. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், நாணல் தண்டை நறுக்கி வச்ச மாதிரி நேரா இருக்கும். சும்மா மாதிரி இல்ல, நிஜ நாணலையே நறுக்கி அதுலயும் மை போட்டு வச்சிருந்தாங்க, அந்த வடிவத்தைத்தான் ஃபயான்ஸ்லயும் மரத்துலயும் தந்தத்துலயும் கண்ணாடிலயும் கொண்டு வந்தாங்க. குச்சியையோ நாணலையோ நடுவுல வச்சு சுத்தி மாவை உருட்டி நெருக்கினா நேர்த்துளை தானா வந்துடும், சுடுறப்ப உள்ள இருக்குற நாணல் எரிஞ்சு போயிடும். உடம்பு வெளிர்நீலம், எழுத்து அதைவிடக் கருநீலமாவோ மாங்கனீஸ் போட்ட கருப்பாவோ ஓடும். இன்னும் மெனக்கெட்டவங்க எழுத்தை முதல்ல பள்ளமாக் கீறி அதுக்குள்ள வேற நிற மாவை வச்சு அடைச்சுட்டு சுடுவாங்க, விரலால தடவுனா மேடு பள்ளமே தெரியாத அளவுக்கு சேர்ந்திருக்கும்.

விளிம்பைப் பாத்தீங்கன்னா கிளேஸ் திக்கா இருக்கும், ஏன்னா ஓரத்துல காத்து ரெண்டு பக்கமும் பட்டு ஈரம் சீக்கிரம் காயும், உப்பு அங்க அதிகம் சேரும். அடியைத் திருப்பிப் பாத்தா சொரசொரன்னு வெள்ளையாவோ பழுப்பாவோ இருக்கும், காய வச்சப்ப தரைல உக்காந்திருந்த இடம் அது, ஈரம் வெளிய வர வழி இல்லாததால உப்பும் வரல கிளேஸும் வரல. சிலதுல நடுவுல திட்டா மங்கலா ஒரு இடம் தெரியும், பூத்த உப்பு காய்ஞ்சு நிக்கிறப்ப சூளைக்குத் தூக்கிட்டுப் போன கை உரசி உதிர்ந்த இடமா இருக்கும். மூவாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் அந்த சாமானை எங்க பிடிச்சாருங்கறது கிளேஸ்ல பதிஞ்சு நிக்குது. எனக்கு ஹைரோகிளிஃப்ங்கற எகிப்துச் சித்திர எழுத்தைவிட அந்தத் திட்டுதான் பெருசாப் படுது.

மைக்குழல் வர்றதுக்கு முன்னாடி மத்திய ராஜ்ஜியக் காலத்துல, அதாவது கி.மு. 2000ல இருந்து 1700 வாக்குல, மை வச்சது குட்டையான குண்டுக் குப்பில. அகலமா தட்டையா ஒரு விளிம்பு, நடுவுல சின்னூண்டு வாய், மேல ஒரு மூடி. அதை அலபாஸ்டர்ல, அன்ஹைட்ரைட்னு ஒரு இளநீலக் கல்லுல, அப்சிடியன்னு கருப்பு எரிமலைக் கண்ணாடில, ஃபயான்ஸ்லன்னு எல்லாத்துலயும் செஞ்சாங்க. கல்லுக்குப்பில உள்ள துளை போடுறதுக்கு செம்புக் குழாயை நட்டு மணலைப் போட்டு சுத்துவாங்க, அறுக்குறது உண்மைல மணல்தான், செம்பு மணலைப் பிடிச்சுச் சுத்துது அவ்வளவுதான், சுத்தச் சுத்த செம்பும் தேயும். இங்கதான் டெனிஸ் ஸ்டாக்ஸ்ங்கற ஆள் ஒரு அருமையான கேள்வி கேட்டாரு. அவரு எகிப்துக்காரங்க கருவி மாதிரியே செஞ்சு அதே முறைல கல்லை அறுத்தும் துளைச்சும் வருஷக்கணக்கா பரிசோதனை பண்ணவரு. துளை போட்டப்ப விழுந்த தூளை அள்ளிப் பாத்தாரு, அதுல நைசா அரைபட்ட குவார்ட்ஸ் இருக்கு, தேய்ஞ்ச செம்பும் இருக்கு. ஃபயான்ஸுக்கு வேண்டிய சரக்கு ஏறக்குறைய அப்படியே வந்து கிடக்குது. அதோட சோடா சேர்த்துச் சுட்டாரு, நீலமா கிளேஸ் வந்துச்சு. அப்ப கல்லுக்குப்பி குடையிற பட்டறைல விழுந்த கழிவுத்தூள்தான் ஃபயான்ஸ் பட்டறைக்குப் போச்சான்னு அவரு கேட்ட கேள்வியை எல்லா ஆராய்ச்சிக்காரங்களும் ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா குவார்ட்ஸை அவ்வளவு நைசா கையால அரைக்கிறது முதுகை ஒடிக்கிற வேலை, பக்கத்துப் பட்டறைல அது சும்மா கிடைச்சா எந்தக் கைவினைக்காரன் விடுவான், அதனால நான் ஸ்டாக்ஸ் பக்கம்தான்.

செம்பு வந்த வழி இன்னொண்ணும் இருக்கு. புது ராஜ்ஜியக் காலத்து, அதாவது 18ம் வம்சத்துல தொடங்குற காலத்து, கிளேஸ்ல செம்போட கூடவே வெள்ளீயமும் தென்படுது, வெள்ளீயம் செம்போட சேர்ந்தா வெண்கலம், அதனால உடைஞ்ச வெண்கலக் கத்தி, ஓட்டைப் பாத்திரம் மாதிரி பழைய உலோகத்தையும் நிறத்துக்குப் போட்டிருக்காங்கன்னு தெரியுது. கருநீலம் வேணும்னா கோபால்ட், அது மேற்குப் பாலைவனத்து கார்கா, தாக்லா சோலைகள் பக்கத்துப் படிகாரத்துல இருந்து வந்துச்சு. மஞ்சளுக்கு ஈயமும் ஆன்டிமனியும்.

குழலுக்கு உள்ள இருந்த மையைப் பத்தி பேசலேன்னா பாதிக் கதைதான். ரொம்பப் பழைய காலத்துல கண்ணுக்கு இட்டது பச்சை, மாலகைட்ங்கற பச்சைக் கல்லை கல்லுப் பலகைல அரைச்சு எடுத்தது. மாலகைட்டும் செம்புதான், ஃபயான்ஸுக்கு நிறம் குடுக்குற அதே செம்பு. நார்மர் பலகைன்னு புகழ் பெத்த சிற்பப் பலகை இருக்கே, அதுவே அந்த மை அரைக்கிற பலகையோட பெரிய சடங்கு வடிவம், நடுவுல அரைக்கிறதுக்கான வட்டக்குழிகூட இருக்கும். அப்புறம் மெல்ல கருப்பு முன்னுக்கு வந்துச்சு, கலீனாங்கற ஈயக்கல்லு, செங்கடல் ஓரத்துல கெபெல் செய்த் சுரங்கத்துல வெட்டுனது. ஆம்பளை, பொம்பளை, குழந்தை எல்லாரும் இட்டுக்கிட்டாங்க. அழகுக்கு மட்டும் இல்ல, கண்ணு நோவுக்கும். கி.மு. 1550 வாக்குல எழுதுன ஈபர்ஸ் பாப்பிரஸ்ல கண்ணு வைத்தியம் ஏகப்பட்டது இருக்கு, அதுல இந்த ஈயக்கல்லுத் தூளும் வருது. நாலஞ்சு குழல் ஒட்டுன மாதிரி செஞ்ச மைச்சாமான்ல எந்தக் குழல் மை எந்தப் பருவத்துக்கு, எது பார்வைக்கு நல்லதுன்னு எழுதியிருக்கறதும் உண்டு.

பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்குற எகிப்து மைச்சாமான்கள்ல சிலதுக்குள்ள மைப்பொடி இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிலிப் வால்டரும் கூட இருந்தவங்களும் அந்தப் பொடியை ஆராய்ஞ்சு 1999ல நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க. கலீனாவும் செருசைட்ங்கற இன்னொரு ஈயக்கல்லும் இருக்கும்னு எதிர்பாத்தாங்க, இருந்துச்சு. கூடவே லாரியோனைட், ஃபாஸ்ஜெனைட்னு ரெண்டு ஈய உப்பு இருந்துச்சு, ரெண்டும் இயற்கைல ரொம்ப அபூர்வம், இவ்வளவு சாமான்ல இவ்வளவு இருக்குன்னா மனுஷன் செஞ்சதாத்தான் இருக்கணும். செய்முறையும் பின்னால ரோமானியர் காலத்துல வந்த டயாஸ்கோரிடீஸ்ங்கற வைத்தியர், பிளினிங்கற எழுத்தாளர் ரெண்டு பேரோட எழுத்துலயும் கிடைக்குது, ஈய ஆக்சைடை உப்போட அரைச்சு தண்ணில போட்டு, தெளிவை வடிச்சு, மறுபடி உப்பு, மறுபடி தண்ணின்னு வாரக்கணக்குல பொறுமையா செய்யணும். 2010ல அதே குழு இந்த உப்புகள்ல இருந்து ரொம்பக் கொஞ்சமா ஈயம் சேர்ந்தா தோல் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை அதிகமா உற்பத்தி பண்ணுதுன்னு காட்டுனாங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியை உசுப்பி விடுற பொருள் அது. அதுக்காக இன்னைக்கு யாரும் ஈயம் கலந்த மை வாங்கி கண்ணுல இட்டுக்காதீங்க, ஈயம் எந்த அளவுலயும் உடம்புக்கு நல்லது இல்ல, குழந்தைங்களுக்கு சுத்தமா ஆகாது. நான் சொல்ல வர்றது வேற. குழலைச் செஞ்சவரும் வேதியியல் பண்ணியிருக்காரு, குழலுக்குள்ள போட்ட மையைச் செஞ்சவரும் வேதியியல் பண்ணியிருக்காரு, ரெண்டு பேருக்கும் கையில இருந்தது உப்பு, கல்லு, தண்ணி, பொறுமை.

இந்த ஆளுங்க யாருன்னு பெரும்பாலும் பேர் தெரியாமலே போச்சேன்னு எனக்கு ஆதங்கம். லிஷ்ட்ங்கற ஊர்ல மத்திய ராஜ்ஜியக் கடைசில ஃபயான்ஸ் வேலைக்காரங்களுக்கு மேற்பார்வையாளரா இருந்த தெபெனின்னு ஒருத்தரோட பேர் கிடைச்சிருக்கு, அந்த மாதிரி ஒண்ணு ரெண்டுதான். பட்டறை மட்டும் நிறைய பேசுது. 1891-92ல பழைய எகிப்துத் தலைநகரமான அமர்னால பெட்ரி தோண்டுனப்ப மோதிரம், தாயத்து எடுக்குற களிமண் அச்சு ஆயிரக்கணக்குல கிடைச்சுது. பின்னால பால் நிக்கல்சன் அதே அமர்னால சூளைகளைத் தோண்டி, அதே மாதிரி சூளை ஒண்ணு கட்டி எரிச்சே பாத்தாரு.

புழங்குன மனுஷங்களைப் பாக்கணும்னா இத்தாலில துரின் எகிப்து மியூசியத்துக்குப் போகணும். 1906ல ஸ்கியாபரெல்லி டெய்ர் எல் மெதினால கண்டுபிடிச்ச கா, மெரித் தம்பதியோட கல்லறை, கொள்ளையன் கை படாதது. அதுல மெரித்தோட அழகுப்பெட்டி அப்படியே இருந்துச்சு, மரப்பெட்டிக்குள்ள அலபாஸ்டர், கண்ணாடி, ஃபயான்ஸ்னு கலந்து தைலக்குப்பிகளும் ஒரு மைக்குழலும். கா ஒரு கட்டுமான மேற்பார்வையாளர், ராஜா இல்ல. தியிகிட்ட இருந்த அதே பொருள் மெரித்தோட பெட்டிலயும் இருக்கு பாத்தீங்களா. அதனாலதான் போலி, ஏழை, பணக்காரன்ங்கற கணக்கு இதுக்குச் சரிப்படாதுன்னு சொல்றேன்.

நேரான மைக்குழலோட ஃபயான்ஸ் நின்னு போகல. பேஸ்ங்கற குள்ள சாமி குட்டைக்கால்ல நின்னுகிட்டு தானே குழலா இருக்குறது, குரங்கு ஒண்ணு குழலைக் கட்டிப் பிடிச்சுகிட்டு நிக்கிறதுன்னு விதவிதமா வந்துச்சு. 26ம் வம்சத்துல, கி.மு. 664ல இருந்து 525 வரைக்கும், புத்தாண்டுக் குடுவைன்னு ஒண்ணு பிரபலம். ரெண்டு தட்டைச் சேர்த்து வச்ச மாதிரி உடம்பு, பாப்பிரஸ் பூ மாதிரி கழுத்து, கழுத்தோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பபூன் குரங்கு உக்காந்திருக்கும், தோள்ல ப்தா சாமியோ செக்மெத் தேவியோ இந்தக் குடுவைக்காரருக்கு நல்ல வருஷம் குடுக்கட்டும்ங்கற மாதிரி வேண்டுதல் எழுதியிருக்கும். சிரியஸ் நட்சத்திரம் விடியல்ல மறுபடி தெரிஞ்சு நைல்ல வெள்ளம் ஏறுற சமயம்தான் அவங்க வருஷப்பிறப்பு, அன்னைக்கு புதுத்தண்ணியோ வாசனைத் தைலமோ நிரப்பிக் குடுத்த பரிசு இது. அதே காலத்துல முள்ளெலி வடிவத்துல குட்டி வாசனை எண்ணெய்க் குப்பிகள் எகிப்துல கிரேக்கக்காரங்க குடியிருந்த நவுக்ராதிஸ், கிரேக்க ரோட்ஸ் தீவு பக்கம் எல்லாம் கிடைக்குது, உடம்பு முழுக்க கட்டம் கட்டமா கீறி முள்ளு காட்டியிருப்பாங்க, கிரேக்கக்காரங்க விரும்பி வாங்கியிருக்காங்க. ரோமானியர் காலத்துல மெம்பிஸ்ல சூளை எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு, ஆனா ஊதிச் செய்ற கண்ணாடி வந்ததும் வாசனைக்குப்பி சந்தையை அது பிடிச்சுகிச்சு, ஒரு நாள்ல எத்தனையோ குப்பி ஊதிடலாமே.

பாக்கணும்னு ஆசை இருக்குறவங்களுக்கு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், லண்டன் பெட்ரி மியூசியம், லூவர், துரின் எல்லாமே அவங்க சேகரிப்பு போட்டோவை ஆன்லைன்ல போட்டிருக்காங்க, "கோல் டியூப்", "நியூ இயர் ஃபிளாஸ்க்"னு தேடுனா கொட்டும். முன்பக்க போட்டோவோட நிறுத்திடாதீங்க, அடிப்பக்கம், வாய்ப்பக்கம் எடுத்த போட்டோ இருக்கான்னு பாருங்க. வாய் விளிம்புல குச்சி உரசுன கருப்பு இருக்கான்னு பாருங்க, சிலதுல இருக்கு. அடிப்பக்க போட்டோ போடாத மியூசியங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், அந்த சாமான் எப்படிப் பிறந்துச்சுங்கற கணக்கு முழுக்க அங்கதான இருக்கு, தயவுசெஞ்சு அதையும் எடுத்துப் போடுங்க.